கரையில் நின்று ஓட்டும் நீர்மூழ்கி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், தணிக்கை எல்லாம் காலையில் இருந்தே பேசியாச்சு. நான் அறிவியல் ஆசிரியை. நம்ம பிள்ளைகளுக்காக உங்ககிட்ட ஒண்ணு கேட்க வந்திருக்கிறேன். அதுக்கு முன்னால், உண்மையாக நடந்த ஒரு சேதி சொல்கிறேன்.

2004 ஜூன் மாதம், அமெரிக்காவில் சாந்தா பார்பரா என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் ஒரு போட்டி நடந்தது. தண்ணிக்குள் இறங்கி வேலை செய்யும் எந்திரத்தை மாணவர்களே செய்து கொண்டுவர வேண்டும். எந்திரம் தண்ணிக்குள்ள, ஓட்டுறவங்க கரையில. நடுவில் ஒரு நீள ஒயர். எந்திரத்தில் உள்ள கேமரா காட்டுவதை டிவியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

பீனிக்ஸ் நகரத்தில் கார்ல் ஹேடன் என்ற பள்ளியிலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். எந்திரத்துக்குச் செலவு செய்தது ஏறக்குறைய 800 டாலர். தண்ணிக்குழாய் போடுகிற பிவிசி பைப்பை அறுத்து ஒட்டிச் செய்தார்கள். பசை நாத்தம் தாங்காமல், 'ஸ்டிங்கி', அதாவது 'நாத்தம் புடிச்சவன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எதிரில் நின்றவர்கள் கல்லூரி மாணவர்கள். உலகமே அறிந்த எம்.ஐ.டி.யும் அதில் ஒன்று.

ஓட்டிப் பார்த்தபோது, மின்சாதனம் வைத்த பெட்டிக்குள் தண்ணி கசிந்துவிட்டது. திரும்பச் செய்ய நேரமில்லை. கசியும் தண்ணியை உறிஞ்ச ஏதாவது வேண்டும். என்ன செஞ்சாங்க தெரியுங்களா? மாதவிடாய்க்கு அங்கே பெண்கள் பயன்படுத்தும் டாம்பன் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கடைக்குப் போன பையனுக்கு ஒரே கூச்சம். அங்கே சாமான் வாங்க வந்த ஒரு பெண்ணிடம் கேட்டுத்தான் வாங்கி வந்தான். எந்திரம் தாங்கியது. முதல் பரிசு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, இரண்டாம் பரிசு எம்.ஐ.டி.க்கு. அறிக்கை எழுதியதற்கும் தனி விருது வாங்கினார்கள்.

சிரிக்கிறீங்க, சிரிங்க. ஆனால் எது எவ்வளவு ஈரம் உறிஞ்சும் என்று நமக்குத் தெரியாதா? கோயம்புத்தூர் முருகானந்தம் அய்யா சின்ன எந்திரம் கண்டுபிடித்த பிறகு எத்தனையோ ஊர்களில் குழுப் பெண்கள் நாப்கின் செய்து விற்கிறார்கள். நாமும் பருத்தி ஏலம் நடக்கிற ஊர்க்காரங்கதான். பேப்பரில் சுற்றி ஒளித்து வாங்குகிற பொருள்தான் அங்கே ஒரு எந்திரத்தைக் காப்பாற்றியது. வீட்டில் நாம் கற்றதும் அறிவியல்தான்.

இந்த மாதிரிச் சின்ன எந்திரத்தில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. வெறுங்குடத்தைத் தண்ணியில் விட்டால் மிதக்கும், நிறைந்தால் மூழ்கும். ரெண்டுக்கும் நடுவில், மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நிற்க வைப்பதுதான் வித்தை. அதுக்கு பைப் சட்டத்தின் மேல்பக்கம் மிதவை, கீழ்ப்பக்கம் கொஞ்சம் எடை. எடை மேலே போனால் எந்திரம் குப்புறக் கவிழும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார் மூன்று. ரெண்டு முன்னே தள்ளவும் திருப்பவும், ஒன்று ஏற்றி இறக்கவும். மோட்டாருக்குள் தண்ணி போகாமல் டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றி அடைக்கலாம். பேட்டரியும் சுவிட்சும் கரையிலேயே இருக்கும். 1997-ல் இரண்டு பேர் சேர்ந்து பிள்ளைகளுக்காக இதைப் புத்தகமாகவே எழுதினார்கள். அதை வைத்து 2003-ல் எம்.ஐ.டி. 'சீபெர்ச்' என்ற பேரில் ஒரு பயிற்சியே தொடங்கியது.

கடல் இல்லாத ஊருக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் உண்டா? போர்க்குழிக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீங்க. மனுசன் போகக் கூடாத இடத்துக்குக் கண்ணை மட்டும் அனுப்புவது. ரெண்டும் ஒரே யோசனைதான். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2010-ல் 'ரோசப் 6000' என்ற எந்திரத்தை இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியது. ஒயரைப் பிடித்துக் கப்பலில் இருந்தே ஓட்டினார்கள். அந்த வேலைக்கு நம்ம வீட்டுப் பொண்ணும் போகலாம். ஆனால் அதுக்கு முன்னால், பத்து வயசில் ஒரு ஸ்குரூ டிரைவரை அவள் கையில் யாராவது கொடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு வருத்தம். பையன் பழைய ரேடியோவைக் கழற்றினால் "என் மவன் இஞ்சினியர்" என்கிறோம். பொண்ணு கழற்றினால் "கெடுத்துப் போட்டுட்டா" என்கிறோம். பணம் இல்லாததை விட, இந்தச் சொல்தான் நம்ம பொண்ணுகளைத் தடுக்கிறது.

அதனால் நான் கேட்பது மூன்று. ஒன்று, கோடை லீவில் இந்தக் கூட்டமைப்புக் கட்டிடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மூலை. பைப், மோட்டார், பைக் பேட்டரி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பெரும்பாலும் ஹார்டுவேர் கடையில் கிடைப்பதுதான். ரெண்டு, சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பொண்ணுகள். வேலை பிரிப்பதும் நம்ம குழு மாதிரியே. ஒருத்தி ஓட்டினால் ஒருத்தன் ஒயர் பிடிக்கட்டும், ஒருத்தி கணக்கு எழுதட்டும். வாரா வாரம் மாறி மாறிச் செய்யட்டும்.

மூன்றாவதை ரொம்பக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிணத்துக்கும் ஏரிக்கும் இதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. வீட்டுக் கரண்டைத் தண்ணிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தொட்டியாகவே இருந்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆகணும். லீவு விட்டால் பிள்ளைகள் தண்ணியைத் தேடித்தான் போவாங்க. நீச்சல் தெரியாத பிள்ளையைப் பறிகொடுத்த சேதி கேட்காத கோடை நமக்கு இல்லை. தண்ணியைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற ஆசை பிள்ளைக்கு வரத்தான் செய்யும். அந்த ஆசையைத் திட்டி அடக்க முடியாது. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு வழியை நாமதான் காட்டணும்.

ஒரு காலத்தில் பேங்க் வாசப்படி ஏறவே பயந்தவங்க நாம. பக்கத்தில் நின்னு "போ, கேளு"ன்னு சொல்ல இன்னொரு பொம்பளை இருந்ததால் ஏறினோம். அந்த ஒரு சொல்லைத்தான் இப்ப நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கிறேன். இன்னைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிடலாமுங்க. அடுத்த ஆண்டு விழாவில் எனக்குப் பதிலாக அந்தப் பிள்ளைகள் வந்து, தொட்டியை வைத்து ஓட்டிக் காட்டட்டும்.