தேங்காய் எழுந்து நின்றால் தண்ணீர் உண்டா?
(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிணறு வெட்டுவதற்கோ ஆழ்குழாய் இறக்குவதற்கோ முன்னால் நம்மில் பலர் முதலில் தேடிச் செல்வது நீரோட்டம் பார்ப்பவரைத்தான். அவர் வேப்பமரத்துக் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டோ நிலத்தைச் சுற்றி வருகிறார். ஓரிடத்தில் குச்சி சுழல்கிறது. தேங்காய் எழுந்து நிற்கிறது. அங்கே கல்லை நட்டுப் பொட்டு வைக்கிறோம். மறுவாரம் ரிக் வண்டி வருகிறது. நீர் கிடைத்தால் அவருக்குப் பேர். கிடைக்காவிட்டால் நமக்குக் கடன். அடகு வைத்த நகை மீளாமல் போனதும், தென்னையைக் காப்பாற்ற இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய் என்று இறக்கிக் கடைசியில் நிலத்திலேயே ஒரு பகுதியை விற்றதும் நீங்கள் கண்டறியாத கதைகள் அல்ல. ஆகவே இந்தக் குச்சியும் தேங்காயும் மெய்யாகவே நீரைக் காட்டுகின்றனவா என்று சற்றுப் பொறுமையாக ஆராய்ந்து பார்ப்போம்.

நானும் இதை நம்பி வளர்ந்தவன்தான். எங்கள் ஊர் ஆற்றங்கரை ஊர். என் தகப்பனார் தேங்காய் பார்த்துத்தான் கிணறு வெட்டினார். இருபத்தைந்து அடியில் ஊற்று வந்தது. நீரோட்டம் பார்த்தவருக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்தோம். நெடுநாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் பக்கத்து வயல்காரர் யாரையும் கேட்காமல், மோட்டார் அறைக்கு வசதியான மூலையில் வெட்டினார். அவருக்கும் ஏறக்குறைய அதே ஆழத்தில் தண்ணீர் வந்தது. ஆற்றுமணல் படிந்த பூமியில் எங்கே தோண்டினாலும் நீர்தான். அங்கே தேங்காய்க்குத் தோற்க வாய்ப்பே இல்லை.

“அவர் சொன்ன பத்துக் கிணற்றில் ஏழில் தண்ணீர் வந்ததே” என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தைக் காட்டியிருந்தால் எத்தனை இடத்தில் வந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படியும் ஏழு வந்திருக்குமானால் அவர் சொன்ன ஏழில் பெருமை ஒன்றும் இல்லை. மேலும், தண்ணீர் வந்த ஏழு பேர் ஊரெல்லாம் சொல்லுவார்கள். வராத மூவர் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் “இன்னும் ஐம்பது அடி போயிருந்தால் வந்திருக்கும்” என்ற சமாதானம் காத்திருக்கிறது.

இதைத் தீர்க்க ஒரே வழி, நீர் எங்கே உள்ளது என்பதை நாம் அறிந்து, பார்ப்பவர் அறியாதபடி வைத்துச் சோதிப்பதுதான். மேல்நாடுகளிலும் குச்சி பிடித்து நீர் பார்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. ஜெர்மனியில் காசல் என்னும் நகரில் 1990ஆம் ஆண்டு இப்படிப்பட்ட சோதனை நடந்தது. சமதரையில் அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அது செல்லும் தடத்தை மேலே வண்ணப் பட்டையால் காட்டிவிட்டார்கள். குழாயில் இப்போது நீர் ஓடுகிறதா, இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். நீர் பார்ப்போர் ஏறத்தாழ முப்பது பேர் மூன்று நாட்கள் கலந்துகொண்டனர். சோதனை நேர்மையானது என்று முன்னதாகவே கையெழுத்தும் இட்டனர். கிடைத்த முடிவு, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1987, 1988ஆம் ஆண்டுகளில், மியூனிக் நகருக்கு அருகே இன்னும் பெரிய சோதனை நடந்தது. இரண்டடுக்குக் களஞ்சியம் ஒன்றின் கீழ்த்தளத்தில் நீர் ஓடும் குழாயைப் பத்து மீட்டர் நீளக் கோட்டில் இங்குமங்கும் நகர்த்தி வைத்தனர். மேல்தளத்தில் நடப்பவர் அது இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சுமார் 500 பேரைப் பார்த்து, அவர்களில் தேர்ந்தவர் 43 பேரை எடுத்து, 843 தடவை சோதித்தார்கள். நடத்தியவர்களே ஒருசிலருக்குத் திறமை இருப்பதாகத்தான் எழுதினார்கள். ஆனால் 1999இல் என்ரைட் என்ற அமெரிக்க உயிரியலறிஞர் அதே கணக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். எவ்விதச் சிரமமும் இன்றி ஒவ்வொரு முறையும் “கோட்டின் நடுவில்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரைவிட, அவர்களில் மிகச் சிறந்தவர் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் குழாய்க்கு நெருங்கியிருந்தார். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர்! ஒரு நெல்மணி அளவு கூட இல்லை.

அப்படியானால் தேங்காய் எழுவது ஏமாற்றா? பெரும்பாலும் இல்லை. நீரோட்டம் பார்ப்பவர் பலர் நாணயமானவர்கள். தாம் எதையும் செய்யவில்லை என்றே நம்புகிறார்கள். நம் மனம் ஒன்றை எதிர்பார்க்கும்போது, நாம் அறியாமலே தசைகள் சிறிது அசையும். இதனை 1852ஆம் ஆண்டிலேயே கார்ப்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கியிருக்கிறார். கவட்டைக் குச்சியை இரு கைகளாலும் விரித்து இழுத்துப் பிடிக்கும்போது அது வில்லைப் போல் முறுக்கேறி நிற்கிறது; மணிக்கட்டு மயிரிழை திரும்பினாலும் வெடுக்கென்று சுழலும். உள்ளங்கையில் கிடக்கும் தேங்காயும் அப்படியே. வரப்போரம் பசுமை, பள்ளம், பக்கத்துக் கிணறு ஆகியவற்றைப் பார்த்துப் பழகிய கண் இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. கை அதற்குக் கீழ்ப்படிகிறது. அந்த அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குத் தேங்காய் தேவையில்லை என்றுதான் சொல்லுகிறேன்.

என் சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த முறை நீரோட்டம் பார்ப்பவர் வரும்போது, அவர் சம்மதித்தால், கண்ணைத் துணியால் கட்டி நிலத்தின் வேறு வேறு மூலைகளிலிருந்து ஐந்தாறு முறை நடத்தி வாருங்கள். தேங்காய் எழும் இடத்தில் எல்லாம் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். கைபிடித்து நடத்துபவர், முதலில் குறித்த இடத்தை அறியாதவராக இருத்தல் வேண்டும். இல்லாவிட்டால் அவர் கையின் அழுத்தமே காட்டிக்கொடுத்துவிடும். பூமிக்குள் இருக்கும் நீர் அரைமணி நேரத்தில் இடம் மாறுவதில்லை. முளைகள் ஓரிடத்தில் கூடுகின்றனவா, காடெங்கும் சிதறிக் கிடக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனி, இடம் தேர்வது எப்படி? நம் மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறைப் பகுதி. அங்கே பூமிக்குள் ஆறு ஓடுவதில்லை. மேலே சிதைந்து இளகிய பாறையிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. ஆதலால் பத்தடி தள்ளிப் போட்டாலும் பலன் மாறக்கூடும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் மின்தடை அளக்கும் கருவியைக் கொண்டு ஆய்வு செய்து தருகிறார்கள். உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடித்து, வெளி இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் அளவெடுப்பார்கள். முளைகளை அகற்றி அடிக்க அடிக்க ஆழத்தின் தன்மை தெரியும். நீர் ஏறிய சிதைந்த பாறையில் தடை குறைவு; முழுப்பாறையில் மிகுதி.

இதுவும் சோதிடம் அல்ல என்பதால் இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். களிமண்ணும் உப்புநீரும் கூடத் தடையைக் குறைத்துக் காட்டும். முந்நூறு மீட்டர் ஆழத்தில் உள்ள மெல்லிய வெடிப்பை இக்கருவி காட்டாது. ஆகவே ஆய்வுடன் ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு குழாய்க்கிணறும் எங்கே, எத்தனை அடி, எந்த ஆழத்தில் ஈரம் கண்டது, இடம் குறித்தவர் யார், கோடையில் எத்தனை மணி நேரம் இறைக்கிறது என்று எழுதி வையுங்கள். வற்றியவற்றை முதலில் எழுதுங்கள்; மறைக்கப்படுவன அவைதாம். ரிக் ஓடும்போது பத்தடிக்கு ஒருமுறை வெளிவரும் கல்தூளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடத்தில் அந்த நோட்டு உங்கள் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

நீர் வராத குழாயைப் பற்றி ஒரு சொல். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்குழாயில் விழுந்து மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கைவிட்ட குழாயைக் களிமண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்துள்ளது. மேலே சாக்கைக் கட்டிக் கல்லை வைப்பது போதாது. ரிக் வண்டி ஊரை விட்டுப் போவதற்கு முன்னாலேயே நிரப்பிவிடுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றால் அது நடப்பதில்லை.

இனி உங்கள் ஐயங்களைக் கேளுங்கள். பின்வரிசையில் நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரும் அமர்ந்திருப்பதாகச் சொன்னார்கள்; அவரே முதலில் கேட்கட்டும்.