ஒரு கம்பியில் பல மின்மானிகள்



ஒரு லயத்தில் பத்து வீடுகள் உள்ளன. மாத முடிவில் ஒரு வீட்டின் மின்கட்டணம் திடீரென உயர்ந்தால், அண்டை வீட்டார்மீது ஐயம் எழுகிறது, மனக்கசப்பு வளர்கிறது. வீட்டுக்கொரு மின்மானி பொருத்தி, எல்லா மானிகளையும் ஒரே செய்திக் கம்பியால் தோட்ட அலுவலகத்தோடு இணைப்பது இதனைத் தவிர்க்கும் வழியாகும். அம்முறையை நாமும் அறிந்திருத்தல் நலம்.

ஆர்.எஸ். 485 எனப்படும் இம்முறை 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. முறுக்கிய இரட்டைக் கம்பி, ஒரு மானியிலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் சங்கிலிபோலச் செல்ல வேண்டும். மரக்கிளைபோல நடுவில் பிரிதல் கூடாது. ஒரே தடத்தில் பொதுவாக 32 கருவிகள் வரை இணைக்கலாம். கம்பி 1,200 மீட்டர் வரை நீளலாம். தடத்தின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம் மின்தடை பொருத்துவர். இல்லையேல் நீண்ட கம்பியில் செய்தி எதிரொலித்துக் குழம்பக்கூடும்.

காலைப் பெரட்டை எண்ணிப் பாருங்கள். கிராணியார் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அப்பெயருக்குரியவரே குரல் கொடுக்கிறார். அலுவலகக் கருவியும் ஒவ்வோர் எண்ணாக அழைக்கிறது. அவ்வெண்ணுக்குரிய மானியே விடையளிக்கிறது. இரு மானிகளுக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒருங்கே பேசிக் கணக்குக் கிடைக்காமற் போகும். இக்குறை உடனே தெரிந்துவிடும். ஆனால், பட்டியலில் வீட்டெண்கள் இடம் மாறியிருந்தால், எக்குறையும் வெளியே தெரியாது. ஒருவர் எரித்த விளக்குக்கு மற்றொருவர் மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, மானி பொருத்தும் நாளிலேயே அதன் எண் நம் வீட்டெண்ணுக்கு நேராகப் பதியப்பட்டதா எனப் பார்த்தல். ஐயமிருப்பின், வீட்டின் மெயின் சுவிட்சைச் சற்று நேரம் அணைத்து, அலுவலகத்தில் எந்த மானியின் கணக்கு நகராமல் நிற்கிறது எனக் கேட்டறியலாம். இரண்டாவது, மானி காட்டும் எண்ணிக்கையை மாதந்தோறும் நோட்டில் குறித்துக் கட்டணச் சீட்டோடு ஒப்பிடுதல். செய்திக் கம்பி அறுந்தாலும் மானி எண்ணுவதை நிறுத்துவதில்லை என்பதை நினைவிற் கொள்க. மூன்றாவது, மானிப் பெட்டியை நாமே திறவாதிருத்தல். அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் உண்டு. சான்றிதழ் பெற்ற மின்பணியாளரே அதனைத் தொடலாம்.

பிறரை ஐயுறுமுன் நம் வீட்டுக் கணக்கை நாம் அறிந்து வைத்திருப்போமாக.