நொதி இருந்தால் போதுமா?



கோமதி அம்மன் கோயிலில் புற்றுமண் வாங்கி, தோல் நோய் தீரும் என்று நம்பிப் பூசிக்கொள்ளும் ஊரில் கூடியிருக்கிறோம். வெண்புள்ளியோடு வருகிறவர்கள் கேட்பது போன நிறத்தை. நமக்கு வந்த ஆய்வுச் சுருக்கங்களோ பெரும்பாலும் இருக்கிற நிறத்தைக் குறைக்க மூலிகை தேடுகின்றன. சந்தை அந்தப் பக்கம் இழுக்கிறது, தெரியும். மூலிகைச் சாறு சேர்த்ததும் நிறம் கூடிப்போனதால் தோல்வி என்று ஓரங்கட்டிய முடிவுகள் யாரிடமாவது இருந்தால், மதிய அமர்வில் அவசியம் காட்டுங்கள். வெண்புள்ளியில் நிறமிச் செல்களே அழிந்துபோகின்றன. மெலனின் நிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தூண்டினால் மட்டும் தீராது. ஆனாலும் அந்த முடிவுகள் குப்பை அல்ல.

இனி அளவீட்டுக்கு வருகிறேன். காளானில் டைரோசினேஸை பூர்க்கெலோவும் பெர்த்ராங்கும் கண்டது 1895-இல். இன்றும் நம் ஆய்வுக்கூடங்களில் காளான் நொதிதான் ஓடுகிறது. எளிது, மலிவு. ஆனால் அதை நன்றாக அடக்கும் கோஜிக் அமிலம், 2018-இல் மனித நொதியில் சோதித்தபோது பலவீனமாகத்தான் இருந்தது. காளானை வைத்துத் தோலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வளர்ப்புச் செல்லுக்கு வாருங்கள். தொடக்கத்துக்கு எலியின் பி16 செல்கள் போதும். செல்லை உடைத்து, எல்-டோபா சேர்த்து, 37 டிகிரியில் வைத்து, நொதி அதிலிருந்து உருவாக்கும் டோபாகுரோம் கூடும் வேகத்தை 475 நானோமீட்டரில் படிக்கலாம். டோபா தானாகவே கறுக்கும். செல் சேர்க்காத குழாயும் கூடவே இருக்க வேண்டும். புரத அளவால் வகுக்காத எண்ணை நான் ஏற்கமாட்டேன். சாறு செல்லைக் கொன்றாலும் நிறம் குறையத்தானே செய்யும்!

இதைவிடப் பெரிய சிக்கல், நொதி இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பது. கறுத்த தோலிலிருந்தும் வெளுத்த தோலிலிருந்தும் வளர்த்த மெலனோசைட்டுகளில், அதாவது நிறமிச் செல்களில், நொதியின் அளவு பெரிதாக வேறுபடாதபோதும் செயல்பாடு பல மடங்கு வேறுபட்டதை 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. செல்லுக்குள் நிறமி உருவாகும் நுண்பையான மெலனோசோமின் அமிலத்தன்மையை அது காரணமாகச் சொன்னது. இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் சுப்பாராவ் கங்கி செட்டி, சக ஆய்வாளர்களோடு 2008-இல் நேச்சர் இதழில் எழுதியது இன்னும் சுவையானது. டைரோசினேஸுக்குச் செம்பு வேண்டும். கால்ஜிப் பகுதியில் ஏறும் செம்பு நிலைப்பதில்லை. மெலனோசோமுக்குள் ஏடிபி7ஏ என்ற கடத்திப் புரதம் அதை மறுபடி ஊட்டுகிறது. அந்தப் புரதம் உரிய இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால், நொதி இருந்தும் நிறம் குன்றிவிடும்.

செல்லை உடைத்து 6.8 பிஎச் கரைசலில் போட்ட கணமே மெலனோசோமின் அமிலச் சூழல் கலைந்துவிடுகிறது. அங்கே கிடைக்கும் எண் நொதியின் திறனைச் சொல்லும். உயிருள்ள செல்லுக்குள் நடந்ததைச் சொல்லாது. அதனால் முழுச் செல்லில் டோபா சாயமேற்றிப் பாருங்கள், மெலனினையும் தனியே அளந்துவிடுங்கள். முதல் அமர்வில் பேசுவோர், காட்டுவது உடைத்த செல்லின் எண்ணா, முழுச் செல்லின் எண்ணா என்பதை முதல் படத்திலேயே எழுதிவிடுங்கள்.