நெஞ்சா, ஈரலா?

ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. அதற்கு முன்னர் அது சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப் பகுதி. அந்நாளில் அங்கே பால்மரம் சீவிய பாட்டியம்மா ஒருவரைப் பேத்தி கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். பேத்தி நம் மாணவி. “நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லும்மா” என்றார் பாட்டி. பிள்ளை மலாயில், “சாக்கிட் ஹாத்தி” என்றது. தாதி சிரித்துக்கொண்டே, “யார் மேல் கோபம்?” என்று கேட்டாராம். பாட்டி மார்பைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டோம். நெஞ்சு என்றால் நமக்கு மார்பும் உண்டு, மனமும் உண்டு. பாட்டி சொன்னது மார்பை. பிள்ளை எடுத்துக்கொண்டது மனத்தை. மலாயில் மனத்துக்கு வழங்கும் சொல் ஹாத்தி. அதன் நேர்ப்பொருளோ ஈரல்! சந்தையில் ‘ஹாத்தி ஆயாம்’ கேட்டால் கோழி ஈரலைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால் மனக்கசப்பு. ஈரல் சிறுத்தால், அதாவது ‘கெச்சில் ஹாத்தி’ என்றால், மனத்தாங்கல். ‘பெசார் ஹாத்தி’ என்றால் பெருமகிழ்ச்சி. சாலைப் பலகையில் ‘ஹாத்தி-ஹாத்தி’ என்று இருந்தால், கவனம்!

ஈரலுக்கு இத்தனை மதிப்பா என்று வியக்க வேண்டாம். இருட்டில் பாம்பைக் கண்டால் நாமும் ‘ஈரக்குலை நடுங்கிப் போச்சு’ என்கிறோம் அல்லவா? ஆனால் நமக்கு ஈரல் அச்சத்தின் இருப்பிடம். துணிவுக்கு நெஞ்சுரம் என்போம். வியட்நாமியரோ துணிவையே ஈரலில் வைத்தார்கள். ‘பெரிய ஈரல்காரர்’ என்றால் அஞ்சாதவர். சீனர் அதைப் பித்தப்பையில் வைத்தார்கள். பித்தப்பை சிறியவன் என்றால் கோழை. நமக்கோ பித்தம் தலைக்கேறினால் பைத்தியம்.

வயிற்றை விட்டுவிட்டோமே! மகள் வேலை முடிந்து வர நேரமானால், தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இது வெறும் பேச்சன்று. அச்சம் வந்தால் நரம்புகளின் வழியே வயிறும் குடலும் கலங்கத்தான் செய்யும்.

பெரியவர்களுக்காகப் பேசும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். மார்பு வலி, ‘சாக்கிட் டாடா’. நெஞ்சுக்குழியில் எரிச்சல், ‘பெடிஹ் ஊலு ஹாத்தி’. இதயம் என்னும் உறுப்பு, ‘ஜந்தோங்’. “வயிறு எரியுது” என்று பாட்டி சொன்னால், சாப்பாட்டாலா, சம்பந்தியாலா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். மார்பு வலியோடு வியர்வையும் இடது கை வலியும் சேர்ந்தால் சொல் தேட வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.