யாருடைய கணக்கு? கலிபோர்னியப் பள்ளி நிதியும் ஊர்ப் பொறுப்பும்

ஒரு தலைமையாசிரியரின் நினைவாக அவர் பிள்ளைகள் வைத்த வைப்புநிதியிலிருந்து ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அந்தப் பெரியவரை நான் நேரில் அறிந்ததில்லை. அறிந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்; அவர் பெருமையை அவர்கள் பேசுவதே முறை. பொருளுக்குப் போகிறேன்.

கேள்வி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கான காசை ஊரே வரி போட்டுத் திரட்டினால்தான் ஊர் தட்டிக் கேட்கும், மேலே இருக்கும் அரசு பணம் அனுப்பினால் ஊருக்கு அக்கறை போய்விடும் என்பது நம் துறை நண்பர்கள் சிலரின் நெடுநாள் கட்சி. சான்று கேட்டால் கலிபோர்னியாவைக் காட்டுவார்கள். 1971-இல் நீதிமன்றம் தலையிட்டது, 1978-இல் வரி கட்டுபவர்கள் கொதித்தெழுந்தார்கள், பள்ளிகள் நலிந்தன, 2013-இல் அரசே திரும்பி வந்து ஊர்களிடம் அதிகாரத்தை ஒப்படைத்தது என்று கதை நீளும். மறுத்துப் பேசினால், "சார் பழைய சோசலிஸ்ட்" என்று சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று மேடையும் ஒலிவாங்கியும் என்னிடம் இருக்கின்றன.

1. இரண்டு ஊர்கள்

லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் பால்ட்வின் பார்க், பெவர்லி ஹில்ஸ் என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பள்ளி மாவட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், சொந்தச் சொத்து வரி. நண்பர்கள் விரும்பும் ஊராட்சி முழுமையாக நடந்த காலம் அது. 1968-69 கல்வியாண்டில் பால்ட்வின் பார்க் ஒரு மாணவனுக்குச் செலவழித்தது 577 டாலர். பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர். அக்கறையுள்ள ஊர் கூடுதலாக வரி கட்டியிருக்கும் என்றுதானே நினைப்போம்? மதிப்பிட்ட சொத்தின் ஒவ்வொரு 100 டாலருக்கும் பெவர்லி ஹில்ஸ்காரர்கள் கட்டிய பள்ளி வரி 2 டாலர் 38 சென்ட். பால்ட்வின் பார்க்காரர்கள் கட்டியது 5 டாலர் 48 சென்ட்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று ஊர்ச் சொத்தின் வரி மதிப்பைப் பங்கிட்டால் பால்ட்வின் பார்க்கில் 3,706 டாலர், பெவர்லி ஹில்ஸில் 50,885 டாலர். கிட்டத்தட்ட ஒன்றுக்குப் பதினான்கு. பெருக்கிப் பாருங்கள். முதல் ஊர் தன் கனமான வரியால் ஒரு பிள்ளைக்குத் திரட்ட முடிந்தது 203 டாலர். இரண்டாவது ஊர் தன் இலேசான வரியால் திரட்டியது 1,211 டாலர். பெவர்லி ஹில்ஸின் விகிதத்தையே பால்ட்வின் பார்க்கும் போட்டிருந்தால் பிள்ளைக்கு 88 டாலர் தேறியிருக்கும். பெவர்லி ஹில்ஸ் திரட்டியதைத் தானும் திரட்ட வேண்டுமானால் 100 டாலருக்கு ஏறத்தாழ 33 டாலர் வரி போட்டிருக்க வேண்டும். எந்த ஊர் கட்டும்?

வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தும் பார்ப்போம். அன்று வரி மதிப்பு என்பது சந்தை விலையில் ஏறத்தாழ கால் பங்கு. இருபதாயிரம் டாலர் வீடு ஒன்றின் வரி மதிப்பு ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டால், அதே வீட்டுக்குப் பால்ட்வின் பார்க்கில் 274 டாலர், பெவர்லி ஹில்ஸில் 119 டாலர் பள்ளி வரி. இரண்டு மடங்குக்கு மேல் கட்டியவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாதிக்கும் குறைவான பள்ளிக்கூடம்.

மாநில அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. ஏழை ஊர்களுக்குச் சமன்படுத்தும் உதவி ஒன்று உண்டு. அதோடு பணக்கார ஊர், ஏழை ஊர் என்று பாராமல் மாணவனுக்கு 125 டாலர் அடிப்படை உதவியும் உண்டு. பெவர்லி ஹில்ஸுக்கும் 125, பால்ட்வின் பார்க்குக்கும் 125. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஏழை ஊருக்கு அரசு உறுதியளித்த குறைந்தபட்சத் தொகைக்குள்ளேயே அந்த 125 அடங்கிவிடும். அது இல்லாவிட்டாலும் சமன்படுத்தும் உதவி அந்த இடத்தை நிரப்பியிருக்கும். பணக்கார ஊருக்கோ அது முழுக்க மேல்வரவு. ஏற்றத்தாழ்வை இந்த உதவி அதிகமாக்குகிறது என்று 1971-இல் நீதிமன்றமே எழுதியது. சமமாகக் கொடுத்தே சமமின்மையை வளர்க்கலாம் என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் நிதியியலில் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த நிதி முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் ஜான் செரானோ. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த ஒரு தகப்பன். பையனுக்கு நல்ல படிப்பு வேண்டுமானால் வேறு ஊருக்குக் குடிபோங்கள் என்று பள்ளித் தலைமையே அவரிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. எதிர்வாதி மாநிலப் பொருளாளர் ஐவி பேக்கர் பிரீஸ்ட். ஐசன்ஹோவர் காலத்து டாலர் நோட்டுகளில் கையெழுத்திட்டிருந்தவர். 1971 ஆகஸ்ட் 30 அன்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையின் கல்வித்தரம் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் வைத்திருக்கும் சொத்தைப் பொறுத்து அமையக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி ரேமண்ட் சல்லிவன் எழுதிய தீர்ப்பு. ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

இப்போது நண்பர்களிடம் கேட்கிறேன். வரி கட்டுபவனே கேள்வி கேட்பான் என்பது உண்மையானால், பால்ட்வின் பார்க் பெற்றோரின் கேள்விகளுக்குத்தான் அதிக வலு இருந்திருக்க வேண்டும். வாரியத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வாக்கு இருந்தது. வரவுசெலவுத் திட்டத்தை வாங்கிப் பார்க்கவும் முடிந்தது. பார்த்து? வாரியத்திடமே இல்லாத பணத்துக்கு வாரியத்தை எப்படிப் பொறுப்பாக்குவது? குறை எங்கே இருந்ததோ அது ஊர்க் கூட்டத்தின் எல்லைக்கு வெளியே, மாநிலச் சட்டத்தில் இருந்தது. ஊர் வரி ஊர்ப் பொறுப்பைத் தரவில்லை. கேள்வி கேட்டதும் பதில் கிடைக்கும் வசதியைச் சொத்துள்ள ஊருக்கு மட்டும் தந்தது.

2. 1978

1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டியது. மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. வரி வருவாய் பாதிக்கும் கீழே போனது. பள்ளிச் செலவின் கடிவாளம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கு செரானோ தீர்ப்பே காரணம் என்று பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல் 1989-இல் வாதிட்டார்: கட்டிய வரி சொந்த ஊர்ப் பள்ளிக்குப் போகாதென்றால் எதற்குக் கட்டுவது என்று வீட்டுக்காரர்கள் நினைத்தார்களாம். நண்பர்களின் கட்சிக்கு வேர் இதுதான். சட்டப் பேராசிரியர்கள் கர்க் ஸ்டார்க், ஜொனாதன் ஸாஸ்லாஃப் இருவரும் 2003-இல் இதை மறுத்தார்கள். ஃபிஷல் விடவில்லை; செரானோவே 13-ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்தாரா என்று கேலியாகத் தலைப்பிட்டுப் பதில் எழுதினார்.

நான் மறுத்தவர்கள் பக்கம். ஆதரித்து வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 65 சதவீதம். பணக்கார ஊர்க்காரர்கள் மட்டும் சேர்ந்து அந்த எண்ணிக்கை வராது. எழுபதுகளின் நடுவில் வீட்டு விலை பாய்ந்தது, வரிச் சீட்டும் கூடவே ஏறியது, மாநிலக் கருவூலத்திலோ பல நூறு கோடி டாலர் உபரி குவிந்து கிடந்தது. மக்கள் கோபப்பட இது போதாதா?

3. 2013-இன் சூத்திரம்

நேரம் கருதிச் சுருக்குகிறேன். எழுபதுகளில் ஆளுநராக இருந்த ஜெரி பிரவுன் 2011-இல் மீண்டும் வந்தார். அவருடைய பழைய கல்வி வாரியத் தலைவர் மைக்கேல் கர்ஸ்டும் அதே பதவிக்குத் திரும்பினார். ஆலன் பெர்சின், குட்வின் லியூ இருவரோடு சேர்ந்து கர்ஸ்ட் 2008-இல் எழுதிய பள்ளி நிதித் திட்டமே 2013 ஜூலையில் சட்டமாயிற்று. இதற்கு இது, அதற்கு அது என்று தனித்தனியே கட்டி அனுப்பிய பத்துக்கணக்கான நிதித் தலைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்தார்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளை என்றால் அதில் 20 சதவீதம் கூடுதல். ஒரு மாவட்டத்தில் இத்தகைய பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய எண்ணிக்கைக்கு இன்னும் 50 சதவீதம்; 2021-இல் அது 65 ஆயிற்று. பால்ட்வின் பார்க் போன்ற ஊர்களுக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த நியாயம் இது. இதில் எனக்குச் சண்டை இல்லை.

4. எல்கேப்

சண்டை இதன் கூடவே வந்த பொறுப்புத் திட்டத்தோடு. மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுதோறும் திருத்தம், எட்டு முன்னுரிமைகள், பெற்றோர் ஆலோசனைக் குழு, அவர்கள் கருத்துக்குக் கண்காணிப்பாளரின் எழுத்துமூலப் பதில், பொதுக் கருத்துக்கேட்பு, ஜூலை 1-க்குள் வாரிய ஒப்புதல், பிறகு கவுன்டி அலுவலகத்தின் பார்வை. எல்கேப் என்று அழைக்கப்படும் இந்த ஆவணம் பெரிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பக்கம் போகிறது. ஆசையோடு குழுவில் சேர்ந்த ஒரு தாய் அதில் தேடுவது ஒன்றே ஒன்று: என் பிள்ளையின் பெயரைச் சொல்லி வந்த பணம் எங்கே போயிற்று?

அதற்குத்தான் விடை இல்லை. வேறு சட்டங்களின்படி எப்படியும் செய்தாக வேண்டிய சிறப்புக் கல்விச் செலவில் சுமார் 45 கோடி டாலரை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் கூடுதல் நிதிக்கு உரிய பிள்ளைகளுக்கான சேவைக் கணக்கில் சேர்த்தது என்று 2015-இல் வழக்கு வந்தது. 2017-இல் சமரசமாகி, 50 பள்ளிகளுக்கு மூன்றாண்டில் 15 கோடி டாலருக்கு மேல் தர மாவட்டம் ஒப்புக்கொண்டது. 2019-இல் மாநிலத் தணிக்கையாளர் குளோவிஸ், ஓக்லண்ட், சான் டியேகோ மாவட்டங்களை ஆராய்ந்து இன்னொன்றைச் சுட்டினார்: ஓர் ஆண்டில் செலவாகாத கூடுதல் நிதி அடுத்த ஆண்டு பொதுப் பணமாகிவிடுகிறது. அடையாளம் அழிந்தபின் யார் கேட்பது? இதைத் தடுக்க 2020-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தின் வழியாக அது வந்தது. அதற்குள் எட்டாண்டுகள் போய்விட்டன.

நண்பர்கள் இதையும் தங்கள் கட்சிக்குச் சான்றாக்குவார்கள்: பார், ஊர் வரி இல்லை, அதனால் பொறுப்பும் இல்லை என்று. குறை அங்கே இல்லை. பெற்றோரிடம் திட்டத்தை நீட்டினார்கள். கணக்குப் புத்தகத்தை நீட்டவில்லை.

5. செய்ய வேண்டியவை

மணி அடித்துவிட்டார்கள். மூன்று வேலைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாவட்டம் வரை வந்த பணம் பள்ளிவாரியாக எப்படிப் பிரிகிறது என்பதை யாராவது நீண்டகால நோக்கில் ஆராய வேண்டும். அனுபவமிக்க ஆசிரியர்கள் எந்தப் பள்ளிகளில் சேர்கிறார்கள் என்பதையும் இதோடு பார்க்க வேண்டும். இரண்டாவது, கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பதிவான பெற்றோர் கேள்விகளையும் கண்காணிப்பாளர்களின் பதில்களையும் அருகருகே வைத்துப் படிப்பது. மூன்றாவது நம் ஊருக்கு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பள்ளி வளர்ச்சித் திட்டம் கேட்கிறது. மத்திய விதிகளின்படி அதுவும் மூன்றாண்டுத் திட்டம்தான். அந்தக் குழுவின் கையில் பள்ளியின் கணக்கு எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஓர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். முனைவர் பட்டத்துக்குப் போதிய வேலை.

செரானோ தீர்ப்பின் நகலையும் என் கணக்குத் தாள்களையும் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். மறுத்து எழுத விரும்பும் நண்பர்களும் எடுத்துக்கொள்ளலாம்; பெருக்கலை மட்டும் அவர்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும்.