கைப்பேசி காட்டும் இடமும் எல்லைக்கல்லும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வழி காட்டும் கைப்பேசி இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அயலூர்ச் சந்தைக்குப் போகிறவர் அதைக் கேட்டே வண்டியைத் திருப்புகிறார். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே கைப்பேசியை வரப்பின்மீது பிடித்து, "பாருங்கள், என் நிலம் இதுவரை வருகிறது" என்று பங்காளிகள் வாதாடுவதையும் இப்போது காண்கிறோம். ஊரில் மத்தியஸ்தம் பேசுகிறவர்கள் நீங்கள். ஆகையால் அந்தச் சாதனம் எவ்வாறு வேலை செய்கிறது, அதன் சொல்லை எதுவரை நம்பலாம் என்பதை நீங்கள் அறிந்திருப்பது அவசியம்.

வானத்திலுள்ள செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியன்று. ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. நீங்கள் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இன்னது" என்று ஒவ்வொன்றும் வானொலி அலை வழியே இடைவிடாமல் அறிவிக்கிறது, அவ்வளவுதான். கைப்பேசி அதைக் கேட்டுக் கணக்கிடுகிறது. அந்த இடக்குறியைப் பிறருக்கு அனுப்புவது கைப்பேசியிலுள்ள செயலிகளின் வேலை. அதைக் கோளின்மேல் சுமத்துவது நியாயமாகாது.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடியோசை வரும்வரை எண்ணினால், 3 விநாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் என்று தொலைவை மதிப்பிடலாம். கைப்பேசி செய்வதும் இதுவே. அறிவிப்பு புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கொண்டு கோளின் தொலைவைக் காண்கிறது. மூன்று கோள்களின் தொலைவு சரியாகத் தெரிந்தால் இடம் அகப்படும். ஆனால் இங்கே வருவது ஓசையன்று. வானொலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கிட்டு, அதில் ஒரு பங்கு நேரம் பிசகினாலும் தொலைவு 300 மீட்டர் பிசகும். இதற்காகவே கோள்களில் அணுக்கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன. கைப்பேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். எனவே அது நான்காவது கோள் ஒன்றையும் கேட்டு, தன் கடிகாரத்தின் பிழையையும் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுகிறது. இந்த யுக்தியை நாம் எவ்வளவு வியந்தாலும் தகும்.

இவ்வளவு நுட்பமிருந்தும் பிழை முற்றும் நீங்குவதில்லை. வானின் மேலடுக்கில் அலை சற்றுத் தாமதப்படுகிறது. சுவரிலும் பாறையிலும் மோதிவரும் அலை தொலைவைக் கூட்டிக் காட்டுகிறது. தோப்புகளில் மரக்கிளைகள் மறைக்கின்றன. திறந்த வெளியிலேயே சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டர் விலகிக் காட்டுவது சகஜம். சாலையைக் கண்டுபிடிக்க அது ஒரு குறையன்று. ஆனால் 100 மீட்டர் நீளமுள்ள வரப்பு 5 மீட்டர் நகர்ந்தால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கு மேல் கைமாறிவிடும். அதில் பாதிக்குக்கூட எத்தனை கோர்ட்டுப் படிகள் ஏறியிருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நில அளவர் கொண்டுவரும் புதிய கருவியும் இதே கோள்களைத்தானே கேட்கிறது என்று நீங்கள் வினவலாம். நியாயமான கேள்வி. கூடையோடு காய்கறியை நிறுக்கும்போது வெறுங்கூடையின் எடையைக் கழிக்கிறோம் அல்லவா? அதுபோலவே, முன்பே துல்லியமாக அளந்து வைத்த ஓரிடத்தில் ஒரு கருவி நிலையாக இருக்கும். தன் உண்மையான இடம் தெரிந்திருப்பதால், அந்நேரத்தில் பிழை எவ்வளவு என்பதை அது அறிந்து தெரிவிக்கும். வயலிலுள்ள கருவி அப்பிழையைக் கழித்துக்கொள்ளும். இத்தகைய நிலையங்களை இந்திய நில அளவைத் துறை நாட்டின் பல பகுதிகளில் நிறுவியுள்ளது. இவற்றின் துணையால் பிழை சில சென்டிமீட்டராகக் குறைகிறது. அறிந்த இடத்திலிருந்து அறியாத இடத்தைக் காணும் முறை நமக்குப் புதிதன்று. 1802-இல் லாம்டன் துரை பரங்கிமலை அருகே ஒரு கோட்டை அளந்து, அதிலிருந்தே முக்கோணங்களாகத் தென்னாட்டை அளந்து சென்றார். கோயில் கோபுரங்களும் அன்று அளவைக் குறிகளாயின.

எனினும், ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் எந்தக் கருவியும் சொல்லும். அது யாருடையது என்பதைப் புலப்படமும் பதிவேடுகளுமே சொல்லவேண்டும். ஆகவே எல்லைத் தகராறு வந்தால் கைப்பேசியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். புலப்பட நகலைப் பெற்று, நில அளவைக்கு மனுச் செய்யச் சொல்லுங்கள். அளக்கும் நாளில் இரு தரப்பாரும் உடனிருக்கட்டும். விதைக்கும் உரத்துக்கும் உத்தேசமாக ஏக்கர் கணக்குப் பார்க்கக் கைப்பேசியைத் தாராளமாக உபயோகிக்கலாம். உழும்போது பழைய அளவைக்கல் அகப்பட்டால் அதைப் பிடுங்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். புலப்படத்தை நிலத்தோடு பொருத்திப் பார்க்க நில அளவர் அந்தக் கல்லைத்தான் தேடுவார்.