எழுதுவது சிறிது, புரிந்துகொள்வது பெரிது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் அம்மரபிலிருந்து சற்றே விலகி, மென்பொருள் எழுதுவோரின் அன்றாடத் தொல்லைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இருபது ஆண்டுகளாக அத்தொழிலில் உழல்பவன் என்பதன்றி இங்கு நிற்க எனக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும், நம் காலனியில் இத்தொழிலைச் சாராத வீடு அரிது. மகனோ மகளோ மருமகளோ எவரேனும் ஒருவர் காலை முதல் இரவு வரை கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். அவர் செய்யும் வேலை யாது என்று கேட்டால், வீட்டார் விடை சொல்லத் திகைக்கின்றனர். அத்திகைப்பைச் சிறிதேனும் போக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நம்முள் மூத்தோர் பலர் கட்கி, தேஹு ரோடு ஆகிய இடங்களிலுள்ள இராணுவத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பி இப்புனே நகருக்கு வந்தவர்கள். பின்னவர்களாகிய நாங்கள் ஹிஞ்சவடியின் கணிப்பொறி நிறுவனங்களை நம்பி வந்தோம். முன்னோரின் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. லேத்தில் கடைந்தெடுத்த இரும்பைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். அளவு பிசகினால் மேஸ்திரி அதை ஒதுக்கி வைப்பார். எங்கள் வேலைக்கு உருவமும் இல்லை, எடையும் இல்லை. ஆகவேதான், "தம்பி, நாற்காலியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதில் என்ன அப்பா களைப்பு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடையையும் இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாளில் தட்டுவது சிறுபகுதி, புரிந்துகொள்வதே பெரும்பகுதி. புரிந்துகொள்ளும் வேலையைத் தட்டும் வேலையாகப் பிறர் எண்ணுவதே எங்கள் தொல்லைகள் பலவற்றிற்கும் மூலம்.

ஒரு சான்று கூறுகிறேன். நான் பணியாற்றிய ஓரிடத்தில், மாதக் கடைசியில் மட்டும் கணக்கு சில காசுகள் இடறியது. அந்த நிரலை எழுதியவர்கள் எப்பொழுதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் ஏன் அவ்வாறு எழுதினார்கள் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. பல்லாயிரம் வரிகளை மூன்று நாள் படித்து, ஓரிடத்தில் பின்னத்தை முன்கூட்டியே முழுமையாக்கிவிடுவதைக் கண்டு, ஒரே ஒரு வரியை மாற்றினேன். கணக்கு நேரானது. மேலாளர் கேட்டார், "மூன்று நாளில் ஒரு வரிதானா?" என்று. மருத்துவர் எழுதித் தரும் சீட்டிலும் ஒரு வரிதான் இருக்கிறது! எந்த வரி என்று அறிவதற்கன்றோ நாம் அவரிடம் போகிறோம்?

அடுத்த தொல்லை காலக்கெடு. "எத்தனை நாளில் முடியும்?" என்பதே எங்கள் செவியில் மிகுதியாக விழும் கேள்வி. நாங்கள் ஓர் ஊகம் சொல்கிறோம். மாலைக்குள் அவ்வூகம் வாக்குறுதியாகிவிடுகிறது. மறுநாள் அது வாடிக்கையாளருக்குக் கொடுத்த சத்தியமாகிவிடுகிறது. புனேயிலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயிலுக்குக் கால அட்டவணை போட முடிகிறது. அந்த இரயில் நேற்றும் அதே தண்டவாளத்தில் ஓடியது. எங்கள் தொழிலிலோ, ஒருமுறை செய்து முடித்ததைப் படியெடுக்க ஒரு நொடி போதும். ஆகவே, மீண்டும் செய்யும் வேலை என்பதே ஏறக்குறைய இல்லை. எஞ்சி நிற்பதெல்லாம் இதற்குமுன் செய்யாத வேலை. தண்டவாளம் போடாத காட்டில் எந்த மணிக்கு எந்த நிலையம் என்று எவ்வாறு உறுதி கூறுவது?

வேலை பிந்தினால் ஆட்களைச் சேர்ப்பது உலக வழக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் பணியை முன்னின்று நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். பிந்திவிட்ட மென்பொருள் பணியில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட உண்மை. காரணம் எளிது. புதிதாக வந்தவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். விளக்குபவரின் வேலை நின்றுவிடும். ஐவர் கூடிய குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைகள் 10. பதின்மர் கூடினால் 45. ஆள் இரட்டிப்பாகிறது, பேச்சு நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. காய் நறுக்கப் பத்துப் பேர் வந்தால் கல்யாணச் சமையல் விரைவாக முடியும். ஆனால் இட்லி மாவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் அது புளிக்கும் நேரத்தில்தான் புளிக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

மூன்றாவது தொல்லை, இடையூறு. மார்கழி மாதத்தில் இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடும் பெண்மணியிடம், பாதியில் சென்று, "பால்காரர் கணக்கு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்விக்கு விடை கிடைக்கும். கோலத்தில் ஓர் இழை தவறிவிடும். நாங்கள் நாள்தோறும் மனத்துக்குள் அத்தகைய கோலம் ஒன்றைப் போடுகிறோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி, மணிக்கு ஒருமுறை ஒரு மீட்டிங், நடுவே ஒரு தொலைபேசி அழைப்பு. மாலையில், "இன்று என்ன செய்தாய்?" என்ற விசாரணை வேறு! ஆகவே வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அவன் சும்மா இருக்கிறான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த நாளின் முக்கியமான வேலையே அப்பொழுதுதான் நடந்துகொண்டிருக்கக் கூடும்.

நான்காவது தொல்லை சற்று வினோதமானது. நன்றாகச் செய்த வேலை கண்ணில் படுவதே இல்லை. பழைய நிரல்களில் இடத்தை மிச்சப்படுத்த ஆண்டினை இரண்டே இலக்கங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணிப்பொறி அதை 1900 என்று மயங்கும். உலகெங்கும் நிரலாளர்கள், அவர்களுள் நம் நாட்டவர் எத்தனையோ பேர், ஆண்டுக்கணக்கில் அமர்ந்து அவற்றைத் திருத்தினார்கள். 2000, ஜனவரி முதல் நாள் பெருங்கேடு ஒன்றும் இன்றி விடிந்தது. உடனே உலகம் என்ன சொல்லிற்று? "வீண் பயம் காட்டினார்கள்" என்றது! கரை உடையாமல் காத்தவனை எவரும் அறிவதில்லை. உடைந்த பிறகு மணல் மூட்டை சுமந்தவனுக்கே மாலை.

இவையெல்லாம் எங்கள் தொல்லைகள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது நேர்மை ஆகாது. எங்களவர் புரிந்துகொள்ளத் தவறும்போது உங்களுக்கு நேரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறீர்கள். முதற்பெயர் கேட்கிறது, எழுதுகிறீர்கள். கடைசிப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை இடுகிறீர்கள். "இரண்டு எழுத்தாவது வேண்டும்" என்று சிவப்பு எழுத்தில் கண்டிக்கிறது. வேறு வழியின்றித் தந்தையின் பெயரை இட்டு அனுப்பினால், மறுமாதம் ஏதோ ஓர் அலுவலகச் சாளரத்தில் நம் வீட்டுப் பெண்மணியை அவருடைய தந்தையின் பெயரால் கூவி அழைக்கிறார்கள். இப்படிவத்தை எழுதியவர் கொடியவர் அல்லர். தம் தெருவில் உள்ளவர்களின் பெயர்களைப் பார்த்து, உலகத்தார் அனைவருக்கும் பெயர் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிட்டார், அவ்வளவே.

எழுத்திலும் இதே கதைதான். "தமிழ்" என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். கணிப்பொறி ஐந்து என்று சொல்லும். இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுத்த ஒரு முறையைத் தழுவி, 1991 முதல் வெளிவந்த யூனிகோடு குறியீட்டில், தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அச்சொல் சேமிக்கப்படுகிறது. இதை அறியாத நிரலாளர், பெயர் ஆறு குறிக்கு மேல் போகலாகாது என்று வெட்டினால், "முருகன்" என்பவர் புள்ளியை இழந்து "முருகன" என்று நிற்பார். இயந்திரம் பழுதின்றித்தான் ஓடுகிறது. பிழைத்தது மனிதரைப் பற்றிய அறிவு.

இப்பிழை பெயரோடு நின்றால் சிரித்துக்கொண்டு போகலாம். 1996, ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியன் 5 என்னும் ஏவுகலம் புறப்பட்டுச் சுமார் நாற்பது நொடிகளில் நிலைகுலைந்து சிதறியது. அதன் நிரலில் ஒரு பகுதி முந்தைய ஏரியன் 4 கலத்திலிருந்து எடுத்தது. அங்கே குறையின்றி உழைத்த பகுதி. புதிய கலம் பழையதினும் விரைவாகப் பாய்ந்தது. அந்த வேகத்தைக் குறித்த எண் அதற்கென ஒதுக்கிய சிறிய அறைக்குள் அடங்கவில்லை. எழுதிய வரி அதேதான். சூழல் மாறியதை எவரும் மீண்டும் எண்ணிப் பார்க்கவில்லை. 2024, ஜூலை 19ஆம் நாளை நீங்களே கண்டீர்கள். பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு அனுப்பிய பழுதான புதுப்பிப்பினால் உலகில் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கெடுவை எண்ணி அவசரப்படுவோரும் அவசரப்படுத்துவோரும் இந்நாள்களை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

இறுதியாக, பெற்றோர் பலர் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி ஒன்று. "இப்பொழுது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதாமே, என் பிள்ளையை இப்படிப்பில் சேர்க்கலாமா?" அது எழுதுவது உண்மை. நானும் நாள்தோறும் அதனிடம் வேலை வாங்குகிறேன். நான் ஒரு மணி நேரத்தில் எழுதுவதை அது ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. சில வேளை அழகாகவும், சில வேளை அழகாகத் தோன்றும் பிழையாகவும் தருகிறது. அது எழுதிய வரி எவரேனும் ஒருவர் கணக்கில் காசை இடறச் செய்தால், பதில் சொல்ல வேண்டியவர் ஒரு மனிதர்தான். ஆகவே தட்டும் வேலை சுருங்கும். படித்துப் புரிந்துகொண்டு பொறுப்பேற்கும் வேலை சுருங்காது என்பது என் கருத்து.

எனக்குள்ள கவலை வேறு. இதுவரை இளைஞர்கள் சிறுசிறு வேலைகளைச் செய்து, தவறி, திருத்தி, அதன் வழியே தேர்ச்சி பெற்றார்கள். அச்சிறு வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், நாளை அந்த இயந்திரத்தைத் திருத்தப்போகும் மூத்தவர் எங்கிருந்து வருவார்? நிறுவனங்கள் இதை இன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவரைச் செலவென்று கருதி விலக்குவது, விதைநெல்லைக் குத்திச் சோறு சமைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சொல்வேன்: சம்பளத்தை மட்டும் எண்ணி இத்தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், எதையும் ஏன், எவ்வாறு என்று துருவிக் கேட்கும் பிள்ளையாயின் மகிழ்ந்து அனுப்புங்கள். இளைஞர்களுக்குச் சொல்வேன்: "இன்னும் முடியவில்லை", "எனக்கு இது விளங்கவில்லை" என்னும் இரண்டு வாக்கியங்களை அஞ்சாமல் சொல்லப் பழகுங்கள். நீங்கள் எழுதியதை ஏன் எழுதினீர்கள் என்று தெளிவான நடையில் குறித்து வையுங்கள்; உங்களுக்குப் பின் வரும் முகமறியாத ஒருவர் மூன்று நாள் துன்பம் நீங்கி உங்களை வாழ்த்துவார். தெளிவாக எழுதும் பழக்கம் கணிப்பொறி மொழியில் தொடங்குவதன்று, தாய்மொழியில் தொடங்குவது. ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் எங்கள் தொழிலுக்கும் தொண்டு செய்கிறார்கள் என்பதை இம்மேடையில் நன்றியோடு கூறிக்கொள்கிறேன்.

அடுத்து நாடகம் காத்திருக்கிறது. குழந்தைகள் ஒப்பனையோடு திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். காலக்கெடுவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, எனக்களித்த காலத்தை நானே மீறுவது முறையன்று.